அறுபத்து நான்கு மூடிகள்

1989 மே மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டில், பொட்டு மின்சாரம் இல்லாமல், அறுபத்து நான்கு டிபன் பாக்ஸ் மூடிகளை வைத்தே எடை மெஷின் கம்பெனி இன்ஜினியர் வேதமுத்து ஒரு திரை செய்தார். அதில் ஓடிய படத்தின் காற்று ஆவடி வரை வீசியது. சத்தியம்!

"இதெல்லாம் வேலைக்காவாது சார்," என்றாள் ஜெகதாம்பாள். அசெம்பிளி பெண்களில் மூத்தவள்.

புது எடை மெஷினுக்காக, எட்டுக்கு எட்டாக எரியும் புள்ளிகள் கொண்ட குட்டித் திரை ஒன்று வரவேண்டும். மெஷின் அதனோடு பேச வேதமுத்து ஒரு பாஷை எழுதியிருந்தார்: முதலில் வரிசை எண், பிறகு எட்டுப் புள்ளிகள், கடைசியில் 'காட்டு'. திரையோ வந்தபாடில்லை. திங்கட்கிழமைக்குள் பாஷையை நிரூபிக்காவிட்டால் அவருக்குப் பேக்கிங் பிரிவுதான்.

ஆகவே சாப்பாட்டு வேளையில், மூன்று வருடமாகக் கேட்டும் ஃபேன் வராத தகரக் கொட்டகையின் வாசலில், பெண்களை எட்டெட்டாக உட்காரவைத்தார். மூடியைத் தூக்கினால் புள்ளி எரிகிறது, இறக்கினால் அணைகிறது.

"மூணாம் வரிசை! தூக்கு, தூக்கு, இறக்கு! காட்டு!"

மாடி ஜன்னலில் மேனேஜர் வரதன் தலை நீட்டினார். "என்னய்யா கோஷம்? ஸ்டிரைக்கா?"

"டிஸ்ப்ளே டெஸ்ட் சார்!"

"டிஸ்ப்ளே எங்கய்யா?"

"இவங்கதான் சார்!"

மறுநாள் கேட்டில் நான்கு வாட்ச்மேன்கள் கூடுதல்.

"கத்துனாத்தானே கோஷம்? ஜாடை காட்டு சார்," என்றாள் ஜெகதாம்பாள்.

அறுபத்து நான்கு பெண்கள் வாய் திறக்காமல் மூடி தூக்கியதைப் பார்த்த வரதன், போலீஸ் ஸ்டேஷன் நம்பரைத் தேடினார்.

"சேதி வந்துச்சான்னு உனக்கு எப்டி சார் தெரியும்? வரிசைக்கு ஒருக்கா கரண்டியால தட்றோம்," என்றாள் ஜெகதாம்பாள் மறுபடி.

வேதமுத்து பூரித்துப்போனார். தட்டிய தட்டில் கொரட்டூரில் ரயிலே நின்றது. வரதன் மேஜைக்கடியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்தார்.

'வெறும் மூடிக்கு மேனேஜர் இப்படிப் பயப்படுவாரா? யாரோ மேலே போட்டுக்கொடுக்கிறார்கள்!' மாடிக்கு டீ கொண்டுபோகும் வேம்புலி மேல் வேதமுத்துவுக்குச் சந்தேகம் விழுந்தது. அவன் டீயையே குடிப்பதை விட்டார்.

வெள்ளிக்கிழமை இறுதிச் சோதனை. கூட்டல் குறி, பெருக்கல் குறி. மாற்றி மாற்றிக் காட்டினால் மின்னும் நட்சத்திரம். ஒரு புள்ளி பிசகவில்லை.

"போதும்யா, புரிஞ்சுது!" மாடியிலிருந்து வரதன் கும்பிட்டார்.

திங்கட்கிழமை கொட்டகையில் எட்டு ஃபேன்கள் சுழன்றன. வேதமுத்துவின் பாஷை சரி என்று பேப்பரில் வரதன் கையெழுத்துப் போட்டார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து எனக்கே புரிஞ்சுது, மெஷினுக்குப் புரியாதா? என்னமா சுத்துச்சுய்யா அந்த ஃபேன்!"

"ஃபேனா? நான் அனுப்பினது நட்சத்திரம் சார்!"

வரதன் போனதும் ஜெகதாம்பாள், காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒத்துக்கறேன் சார், உன் மூடி வேலை செஞ்சுது. வேம்புலி பாவம், அவன் டீயக் குடி. 'ஃபேன் கேட்டு ஸ்டிரைக் பண்ணப் போறாங்கோ'ன்னு தெனம் மாடில போட்டுக்குடுத்துகினு இருந்தது நான்தான்."