இன்னொருக்கா

இன்னொருக்காக்காரர் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். ஒரு காரியம் நன்றாக முடிந்துவிட்டால் இவர்களுக்கு நித்திரை வராது. நேராகத் தொங்கும் படத்தைக் கழற்றி நேராக மாட்டுவது இவர்கள்தான்.

அந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவன் கம்பஸ் மாணவன் கனிசியஸ். இரவல் கமராவோடு குருநகர்க் கரையில் படம் பிடிக்க வந்தான். கதை இவ்வளவுதான்: கடலால் திரும்பி வந்த கிழவருக்குப் பேரப்பிள்ளை பிறந்த செய்தி கிடைக்கிறது, சிரிக்கிறார். கிழவராக நடித்தவர் இன்னாசித்தம்பி. அவருடைய மகளும் முதல் பிள்ளைக்கு ஆசுப்பத்திரியில் படுத்திருந்தாள். சிரிப்புக்குப் பஞ்சம் வராது என்று கனிசியஸ் நினைத்தான்.

வரவில்லைதான். ஆனால் அவனுக்குப் போதவில்லை.

"நல்லாயிருக்கு, அப்பு. இன்னொருக்கா."

சூரியன் முகிலுக்குள் போனால் இன்னொருக்கா, வெளியே வந்தால் இன்னொருக்கா, காகம் குறுக்கே பறந்தால் இன்னொருக்கா, அடுத்த முறை அந்தக் காகம் வராவிட்டால் அதற்கும் இன்னொருக்கா. வள்ளத்தில் ஏறி இறங்கிச் சிரித்து, ஏறி இறங்கிச் சிரித்து இன்னாசித்தம்பிக்குத் தாடை நொந்தது. கடலுக்குப் போன நாளில்கூட மனிதர் இப்படிக் களைத்ததில்லை.

அப்போதுதான் அவர் மனைவி கத்தரீனா மணலில் விழுந்தெழும்பி ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ! பேத்தி! பேத்தி பிறந்திட்டாள்!"

இன்னாசித்தம்பி சிரித்தார். பல்லில்லாத இடமெல்லாம் தெரிய, இடுப்புச் சாரம் நழுவுவதும் தெரியாமல் சிரித்தார்.

கனிசியஸ் துள்ளினான். "அதுதான்! அந்தச் சிரிப்புத்தான்! ஐயோ, கமரா ஓடேல்லை. ஆச்சி, அங்கையிருந்து இன்னொருக்கா ஓடி வாங்கோ!"

கத்தரீனா இடுப்பில் கை வைத்தாள். "ஏன் தம்பி, பிள்ளையையும் உள்ளை போட்டு இன்னொருக்கா வரச் சொல்லட்டோ?"

"ஒரேயொருக்கா!"

"ஆசுப்பத்திரியிலை பாக்க விடுற நேரம் முடியப் போகுதடா!" என்றார் இன்னாசித்தம்பி. ஆனாலும் இளகிய மனம். வள்ளத்தில் ஏறினார். இறங்கினார். இறங்கியவர் நிற்கவில்லை. கமராவைத் தாண்டி, கனிசியஸைத் தாண்டி, அவனுடைய சைக்கிளிலேயே ஏறிப் பறந்தார். அந்த அருமையான ஓட்டத்தையாவது அவன் படம் பிடித்தானா?

"நில்லுங்கோ அப்பு! முந்தின காட்சியிலை சைக்கிள் இல்லை!"

ஆசுப்பத்திரியில் மணி அடிக்கும் நேரம். மூச்சு வாங்க வாங்கப் பேத்தியைக் கையில் ஏந்தினார். நித்திரையிலேயே அவள் கடைவாயைக் கொஞ்சம் சுழித்தாள். அவ்வளவுதான். இன்னாசித்தம்பிக்கு உலகம் தலைகீழாகச் சுற்றியது.

"சிரிச்சவள்! என்னைப் பாத்துச் சிரிச்சவள்! என்ரை குஞ்செல்லே, இன்னொருக்கா..."

"அப்பு, மணி அடிச்சாச்சு," என்றாள் தாதி.

"ஒரேயொருக்கா, மிஸி!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்த வியாதி இல்லையாக்கும்? சரி, கடைசியாக ஒரு தொட்டிலுக்குள் தலையை விட்டு என்ன சொன்னீர்கள்? ஆ, இப்போது உங்கள் முகத்தில் ஒன்று வந்து போனதே, அது நல்ல சிரிப்பு. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

எங்கே, இன்னொருக்கா?