மூஞ்சி இல்லாத கதாநாயகன்

படிக்கிற மனுஷனை இனி யாரும் வேலை ஏவக் கூடாது என்று பூவனலிங்கம் ஒருநாள் காலையில் பிரகடனம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த மகாசபை: பெண்டாட்டி வெயிலுகந்தம்மாள், ஒரு எருமை. எருமை தலையை ஆட்டியது. வெயிலுகந்தம்மாள் ஆட்டவில்லை.

இடைசெவலில் அவருக்குக் கரிசல்காடு உண்டு, ஜோடி மாடு உண்டு. ஆனால் யாராவது தொழில் என்னவென்று கேட்டால் “வாசகன்” என்பார். வாரம் தவறாமல் சைக்கிளை மிதித்துக் கோவில்பட்டி நூலகத்துக்குப் போவார். தலகாணி கனத்துக்கு ஒரு நாவல். நட்சத்திரம், அணு, மண்புழு என்று ஏதாவது ஒரு விஞ்ஞானப் புத்தகம். இரண்டையும் கேரியரில் வைத்துக் கட்டி, பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிவருகிற மாதிரி மணியடித்துக்கொண்டே ஊருக்குள் நுழைவார். கம்பங்காட்டுக்குக் குருவி விரட்டப் போனாலும் கையில் நாவல்தான். கதாநாயகி கிணற்றில் குதிக்கப்போகிற நேரத்தில் குருவி யார் கண்ணுக்குத் தெரியும்? அந்த வருஷம் இடைசெவல் குருவிகள் தின்று பெருத்து, பறக்க மாட்டாமல் நடந்தே வீட்டுக்குப் போயின.

“நிலாவுல மனுஷன் நடந்துட்டான், தெரியுமாட்டி ஒனக்கு?”

“அவன் அம்புட்டுத் தூரம் நடந்துட்டான். நீங்க நல்லதண்ணிக் கிணறு வரைக்கும் நடங்க.”

“சும்மா இருக்கிற பொருளு, வெளியில இருந்து ஒரு விசை வந்து தள்ளாம அசையாது. விஞ்ஞானம் சொல்லுது.”

“விசைதானே? இருங்க, வெளக்குமாத்தை எடுத்துட்டு வாரேன்.”

இப்படிப்பட்ட வீட்டில் ஒருவன் எப்படித்தான் படிப்பான்? அதனால்தான் பிரகடனம்.

பிரகடனம் செய்த அன்றே கோவில்பட்டி பழைய பேப்பர் கடையில் அவருக்கு ஒரு புத்தகம் அகப்பட்டது. அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம். யாரோ ஒரு வெள்ளைக்காரி, தான் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட கதையைத் தானே படம் படமாகப் போட்டிருந்தாள். பூவனலிங்கத்துக்குப் படக்கதை என்றால் உயிர். இங்கிலீஷ் என்றால் உயிர் போய்விடும். அதை வெளியில் காட்டிக்கொள்ள முடியுமா?

“இந்தா, ஒனக்குத் தோதான புத்தகம். படம் நெறைய, எழுத்து கம்மி.”

வெயிலுகந்தம்மாள் எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

“இங்க பாருங்க. இவ அழுதுக்கிட்டே சட்டி கழுவுதா. இவ புருஷன் பேப்பர் படிக்கான். அங்கயும் இதே கூத்துதானா?”

“அது கலை. ஒனக்குப் புரியாது.”

“புரியுது. அதான் சிரிக்கேன்.” புத்தகத்தை மூடினாள். “நானும் என் கதையைப் படமாப் போடப் போறேன்.”

பூவனலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒனக்கு என்னட்டி பெரிய கதை இருக்கு?”

சில கேள்விகளை ஆண்பிள்ளை கேட்கக் கூடாது.

கோலத்தில் வெயிலுகந்தம்மாளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. போன வருஷத்துக் காலண்டர் தாள்களின் முதுகில் அடுப்புக்கரியால் வரைந்தாள். வரைந்ததைச் சோற்றுப்பசை தடவி வீட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். ஒரு மத்தியானம் பூவனலிங்கம் காட்டிலிருந்து வந்தால் வீடு நிறையப் பெண்கள். பக்கத்து வீட்டுச் சீனித்தாய் சிரித்துச் சிரித்துச் சுவரிலேயே சாய்ந்துவிட்டாள்.

பூவனலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். குட்டிப்பெண் வெயிலு பருத்தி எடுக்கிறாள். குமரியாகிறாள். அடுத்து கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக வெயிலு நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை. வேட்டி இருந்தது, கால் இருந்தது. இடுப்புக்கு மேலே ஒரு பெரிய புத்தகம்.

அடுத்த படத்தில் வெயிலு தண்ணீர் சுமக்கிறாள், புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. எருமை கன்று போடுகிறது, புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. கூரை ஒழுகுகிறது, புத்தகம் தனக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டிருக்கிறது.

“ஏட்டி! என் மூஞ்சி எங்க?”

“கண்ணால பாத்ததைத்தானே வரைய முடியும்? கல்யாணமான நாள்ல இருந்து ஒங்க மூஞ்சியை நான் எங்க பாத்தேன்?”

“அண்ணே, மதினி சொல்லுதது நெசந்தான். எனக்கும் ஒங்களை இப்பத்தான் அடையாளம் தெரியுது,” என்றாள் சீனித்தாய்.

“இப்பவே கிழிச்சு எறியுதேன், பாரு!”

“கிழிங்க. புத்தகத்தைக் கிழிச்ச வாசகன்னு அடுத்த படம் போடுதேன்.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. வாழ்நாளில் ஒரு பக்கத்தின் ஓரத்தைக்கூட மடக்காத கை அது.

மறுநாள் டீக்கடையில் உக்கிரபாண்டி கிளாசை நீட்டினான். “அண்ணாச்சி, டீயை எத்தனாம் பக்கத்துல வைக்கட்டும்?” கடையே சிரித்தது.

பூவனலிங்கம் கொதித்தார். புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன். என் மூஞ்சி சுவரில் ஏறாமலும் விட மாட்டேன்! இந்த இரண்டு சபதங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் இரண்டாவது ஜெயித்தது. தலைப்பாகை கட்டி, மீசையை முறுக்கி, ராஜா மாதிரி பெண்டாட்டி முன்னால் போய் உட்கார்ந்தார்.

“வரை!”

“சும்மா ஒக்காந்திருக்கிற ஆளை வரைய எனக்கு வராது. ஆடி ஓடி நிக்கணும். அந்தக் குடத்தை எடுங்க.”

குடத்தை எடுத்தார். ராஜநடை நடந்து நல்லதண்ணிக் கிணற்றுக்குப் பத்துத் தடவை போய்வந்தார். தொட்டி நிறைந்தது. தாளைப் பார்த்தால் தோளில் குடம், அதன் பின்னால் ஒரே ஒரு காது.

“காதை வச்சு நான் என்ன செய்ய?”

“குடம் மறைச்சிருச்சு. சோளத்தட்டை சொமந்துட்டு வாங்க, பாப்போம்.”

சுமந்தார். மாட்டுக்கு ஒரு வாரத் தீவனம் வந்து சேர்ந்தது. படத்தில் தலைச்சுமை முன்பக்கம் சரிந்து தொங்கியது. மூஞ்சிக்குப் பதிலாகச் சோளத்தட்டை முளைத்திருந்தது.

“மூஞ்சியை மறைக்காத வேலையே இந்த ஊர்ல கெடையாதா?” என்று கத்தினார் பூவனலிங்கம்.

வெயிலுகந்தம்மாள் கரித்துண்டைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். “ஒண்ணு இருக்கு. ஆனா நீங்க செய்ய மாட்டீங்க.”

“என்னைப் பாத்தா மாட்டீங்கன்னு சொல்லுதே? சொல்லுட்டி!”

“அம்மி.”

பூவனலிங்கம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். சன்னலையும் அடைத்தார். சம்சாரி தண்ணீர் சுமக்கலாம், தட்டை சுமக்கலாம். அம்மி அரைத்தான் என்று தெரிந்தால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

“குனியாதீங்க. நாடியைத் தூக்குங்க. ஆங், இப்பத்தான் மூஞ்சி தெரியுது. இன்னும் நாலு மொளகா வையுங்க.”

கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. ஆனாலும் தலையைத் தாழ்த்தாமல் அரைத்து முடித்தார். அன்றைக்குக் குழம்பு அருமையாக இருந்தது.

விடிந்ததும் வீட்டில் கூட்டம். புதுப் படத்தைச் சுற்றி யாரும் சிரிக்கவில்லை. சீனித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூவனலிங்கம் எட்டிப் பார்த்தார். தாள் முழுக்க அவர் மூஞ்சிதான். ஒவ்வொரு மீசை மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படி ஒரு களை! இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாகக் கண்ணீர். அம்மியை மட்டும் காணவில்லை.

கீழே எழுதியிருந்தது: ‘என் கதையைப் படிச்சிட்டு அவுக அழுத அழுகை.’

“ஏட்டி, இது கதைக்கு வந்த அழுகை இல்லை! மொளகா...”

“என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்றாள் வெயிலுகந்தம்மாள். “சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

பூவனலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

அவர் போவதற்கு முன்னாலேயே சேதி டீக்கடைக்குப் போயிருந்தது. உக்கிரபாண்டி இந்தத் தடவை மரியாதையாகக் கிளாசை நீட்டினான். “அண்ணாச்சி, எம்புட்டு நாவல் படிச்ச ஆளு நீங்க! நீங்களே அழுதீங்களாமே? அம்புட்டு நல்ல கதையா?”

பூவனலிங்கம் எரிகிற கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

“கல்லும் கரையும்யா அந்தக் கதைக்கு,” என்றார்.