கன்னத்து நிழலும் கட்டைவிரலும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம். உன் அக்காவைப் பற்றி அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. ஓவிய வாத்தியாரான நீ நலமாகத்தான் இருப்பாய். பிறத்தியார் வரைந்ததில் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பாக அமைந்தவனுக்கு என்ன குறை?

"இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் துணி வியாபாரி. சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியாதா? இருக்கிற போட்டோக்களில் எல்லாம் அவள் யாருக்காவது பின்னால் நிற்கிறாள், ஒன்றிலாவது முழு முகம் இல்லை. இப்போது ஒன்று எடுக்கலாம் என்றால், "தலைமுடி, புருவம் எல்லாம் போனப்புறமா? நீங்க வேணா வரைங்க, யாருக்கும் நான்னு தெரியாது" என்றாள். அப்படித்தான் இந்த வயதில் பென்சிலைப் பிடித்தேன்.

முதல் படத்துக்கு நீ எழுதிய விமர்சனம் நினைவிருக்கிறதா? காகிதத்தின் வெள்ளைதான் வெளிச்சம், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றாய். காசு கொடுத்து வாங்கிய தாளில் இடத்தைக் காலியாக விடுவானேன் என்று நான்தான் அதில் ஓரம் வரை தீட்டியிருந்தேன். கடைக் கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு, "முதலாளி, உங்க அப்பா நல்ல கம்பீரம்" என்றான். அடுத்த படத்தில் வெள்ளையை விட்டேன், ஆனால் நிழலை இழைக்கக் கட்டைவிரலைப் போட்டுத் தேய்த்தேன். துணியைத் தடவித் தரம் சொல்லும் விரலாச்சே, இதற்கு உதவாதா என்று நினைத்தேன். உன் அக்கா வாங்கிப் பார்த்து, "என்னை எரிச்சதுக்கப்புறம் வரைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள். சிரித்தாள், மச்சான். அப்புறம் அரை மணி இருமினாள்.

விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும், காகிதத்தைச் சுருட்டி அதன் நுனியால் இழையுங்கள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருட்டும் வெளிச்சமும் தனித்தனியாகப் பிரியும் என்று எழுதினாய். சரியென்று கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் கண்ணைச் சுருக்கினேன். வீட்டுக்கு வந்து அவளைக் கவனிக்கிற நர்ஸம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, "அழாதீங்கய்யா" என்றார். "அழலைம்மா, நிழல் பாக்கறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. கொண்டுவந்த தண்ணீர் வீணாகக் கூடாதே என்று கொஞ்சம் அழுதும் வைத்தேன்.

இப்போது வேறு தொல்லை. கன்ன எலும்புக்குக் கீழே நிழலை மெல்லிசாக ஒன்றின் மேல் ஒன்றாகப் போடச் சொன்னாய். போட்டேன். விடிந்து பார்த்தால் நேற்றுப் போட்ட நிழல் இன்றைக்குப் போதவில்லை, கன்னம் இன்னும் உள்ளே போயிருக்கிறது. மறுபடி இருட்டாக்கினேன். மறுநாளும் அதே கதை. என்ன சரக்கு இது, அளந்து முடிப்பதற்குள் குறைந்துகொண்டே போகிறது? தப்பு என் பென்சிலிலா, அவள் கன்னத்திலா, நீயே சொல்.

போதும்டா சாமி. மூன்றாவது படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இனி உன் யோசனை எதுவும் வேண்டாம். 'சரியாக இருக்கிறது' என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. சட்டம் போட்டு மாட்டிவிட்டுக் கடைக்குப் போகிறேன். அந்த அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு மூச்சு முட்டுகிறது.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். என் கையெல்லாம் பென்சில் கரி, அதனால் உறையை உன் அக்காதான் ஒட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். படம் நல்லா வந்திருக்கு, அச்சு அசல் நான்தான். ஆனா நீ அப்படி எழுதிடாதே. மூக்குல கோணல், காதுல இருட்டு, ஏதாவது ஒரு குறை சொல்லிக்கிட்டே இரு. கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் என் முகத்தை இவ்வளவு நேரம் பாத்ததே இல்லை. சரின்னு சொன்னா எழுந்து கடைக்குப் போயிடுவாரு.