தோற்ற கட்சிதான் டீசல் போடணும்

இந்தத் தேசத்தில் நீதிமன்றங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தீர்ப்பு வந்த அடுத்த நிமிஷமே, மேல்முறையீடு என்ற பேச்சே இல்லாமல் தோற்றவர்கள் பணத்தைக் கட்டிய நீதிமன்றம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது திண்டுக்கல்லுக்கும் எரியோட்டுக்கும் நடுவே ஓடும் ஒரு வெள்ளை வேன். அதற்கு டிரைவர், ஓனர், கிளீனர், நீதிபதி எல்லாம் ஒருவரே. அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஜட்ஜண்ணன் எங்கே என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்கா கைகாட்டுவார்.

நான் எரியோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். என்னைப் போலத் திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு அங்கே வேலை பார்த்தவர்கள் மாதாமாதம் பணம் கட்டி அந்த வேனில் போய்வந்தோம். டீசல் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாடகையை ஏற்றியிருப்பார்கள். ஜட்ஜண்ணன் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. அவருடைய நியாயமே தனி.

"வெலைய நானா ஏத்துனேன்? ஏத்துனவன்தான் தரணும். அவன நான் எங்கிட்டுப் போயித் தேடுறது? அவனுக்கு ஓட்டுப் போட்டவுக வண்டிக்குள்ளதான இருக்கீக" என்றார்.

அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. டில்லியில் ஆளுகிற கட்சியின் அபிமானிகள் இடதுபக்க சீட்டில். சென்னையில் ஆளுகிற கட்சியின் அபிமானிகள் வலதுபக்கத்தில். டீசல் ஏறினால் மறுநாள் காலை வழக்கு. ஏற்றத்துக்கு எந்தக் கட்சி காரணம் என்று எரியோடு வருவதற்குள் தீர்ப்பாகிவிடும். தோற்ற பக்கம் ஏறின காசைப் பங்குபோட்டுக் கொடுக்க வேண்டும்.

வலதுபக்கத்துக்கு நான்தான் தலைவி. தற்பெருமை இல்லை, எனக்கு நன்றாகவே பேச வரும். இடதுபக்கத்துக்குக் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்த ஒருவர். காதில் செருகிய பென்சிலைத் தூங்கும்போதாவது எடுப்பாரா என்பது சந்தேகம். அதனால் பென்சில் சார். நான் மத்திய வரியைப் பிடித்தால் அவர் மாநில வரியைப் பிடிப்பார். உலகச் சந்தையில் எண்ணெய் இறங்கும்போது இங்கே ஏன் இறங்கவில்லை என்று நான் கேட்டால், கரண்ட் பில் ஏன் ஏறியது என்று அவர் கேட்பார். காற்றாலை யார் காலத்தில் வந்தது என்ற ஒரு கேள்விக்கே ஒரு வாரம் போயிற்று.

தீர்ப்புகள்தான் பிரமாதம். வரி, கச்சா எண்ணெய் எதுவும் ஜட்ஜண்ணன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஒருநாள் நான் அசராமல் பேசி முடித்து, ஜெயம் நமக்குத்தான் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். தோற்றுவிட்டேன். "டீச்சரு பேசயில மூச்சே விடல. உண்மையப் பேசுறவுக செத்த நேரம் நிறுத்தி மூச்சு விடுவாக" என்று காரணம் சொன்னார். இன்னொரு நாள் பென்சில் சார் ஆதாரம் காட்டுகிறேன் என்று போனைத் தடவினார். மனசுக்குள் இல்லாததைத்தான் போனில் தேடுவார்கள் என்று ஜட்ஜண்ணன் அவர் கதையை முடித்துவிட்டார். ஒருமுறை முக்கியமான கட்டத்தில் ஆட்டு மந்தை ஒன்று இடதிலிருந்து வலதுக்கு ரோட்டைக் கடந்தது. அத்தனை ஆடும் எங்கள் பக்கத்துச் சாட்சியாகப் பதிவாயின. ஜட்ஜண்ணன் எந்தக் கட்சி என்று கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேர்தல் வந்தது. வினையும் வந்தது. ஒருநாள் எனக்கும் பென்சில் சாருக்கும் நடந்த பேச்சு வரியை விட்டுவிட்டு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. அவர் என் சம்பளத்தை இழுத்தார், நான் அவர் மாமனாரை இழுத்தேன். அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. வேனில் இடதுபக்கம் இடது ஜன்னலையும் வலதுபக்கம் வலது ஜன்னலையும் பார்த்துக்கொண்டு போனோம்.

டீசல் மட்டும் நிற்காமல் ஏறியது. எல்லோரும் சமமாகப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு ஜட்ஜண்ணன் ஒப்பவில்லை.

"வழக்கே நடக்கல. தீர்ப்புச் சொல்லாமக் காசு வாங்குனா அதுக்குப் பேரு லஞ்சம்" என்றார்.

ஏறின காசைத் தன் கையிலிருந்தே போட்டார். முதலில் வேனில் பாட்டு நின்றது. பிறகு வழியில் டீ குடிக்க நிறுத்துவது நின்றது. ஒரு சனிக்கிழமை பூக்கார அக்காதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். வேனை விலைக்கு வாங்கக் கொடைரோட்டிலிருந்து ஒரு பார்ட்டி வந்து சுற்றிப் பார்த்து, நாலு டயரையும் உதைத்துவிட்டுப் போயிருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் அட்வான்ஸோடு வருகிறார்களாம். நேரே ஜட்ஜண்ணனிடம் போய்க் கேட்டேன். "கட்டுபடியாகல டீச்சர்" என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

திங்கட்கிழமை வேன் ஊரைத் தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"ஜட்ஜண்ணே, வழக்க எடுங்க. இம்புட்டு விலை ஏறுனதுக்கு எங்க ஆளுகதான் காரணம். மாநில வரியக் கொறச்சிருக்கலாம், கொறைக்கல. நாங்க தோத்தாச்சு, நாங்களே கட்டுறோம்."

பின்சீட்டிலிருந்து என் கட்சிக்காரர் ஒருவர் என் முதுகில் குத்தினார். நான் திரும்பவில்லை. அப்போது, வாரக்கணக்கில் என் பக்கம் தலையைத் திருப்பாத பென்சில் சார் எழுந்து நின்றார்.

"அதெப்படி டீச்சர் நீங்க கட்டுவீக? டில்லி வரி அம்புட்டும் எங்க ஆளுக போட்டது. குத்தம் எங்களுது."

விடுவேனா? கரண்ட் பில்லை இழுத்தேன். அவர் உலகச் சந்தையை இழுத்தார். அவருடைய பழைய வாதங்களையெல்லாம் நான் சொல்ல, என்னுடையவற்றை அவர் சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார். இத்தனை நாள் எதிர்சீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் மனுஷன். நானும்தான் கேட்டிருக்கிறேன். பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் இந்தச் சண்டையில் சேர்ந்துகொண்டார்கள். குற்றத்துக்கு அப்படி ஒரு அடிதடியை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஜட்ஜண்ணன் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வேனை நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ரெண்டு பக்கமும் கோர்ட்டயே ஏமாத்தப் பாக்குறீக. ரெண்டு பக்கமும் கட்டணும். பழைய பாக்கியும் சேத்து" என்றார்.

மறுபேச்சில்லாமல் கட்டினோம். சாயங்காலம் கொடைரோட்டுப் பார்ட்டி வந்தபோது, வண்டி மேல் கேஸ் நடக்கிறது, விற்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வேன் இன்னும் ஓடுகிறது. டீசல் விலைக்கு டில்லிதான் காரணம் என்பதில் இன்றைக்கும் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது, யார் வந்தாலும் பேசத் தயார். ஆனால் ஜட்ஜண்ணனுக்காக என் கட்சியை இன்னொரு தடவை காட்டிக்கொடுக்க வேண்டும் என்றால், நாளைக் காலை முதல் ஆளாகப் போய் வேனில் உட்கார்ந்திருப்பேன்.