திதிக்கு நின்ற ஆலை

நாட்டில் மாநகராட்சிகள் பல உண்டு. நகராட்சிகள் அதைவிட அதிகம். ஆனால் மக்கள் குறையைக் கேட்டவுடன் கண் கலங்கி, உடனே குழு அமைக்கும் உள்ளாட்சி, குச்சனூர் போகிற சாலையில் இருக்கும் எங்கள் பேரூராட்சி ஒன்றுதான். எட்டாவது வார்டு உறுப்பினன் என்கிற முறையில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஓர் ஆலை இருக்கிறது. கோழி எலும்பையும் இறகையும் வேகவைத்து அரைத்து மீன் தீவனம் செய்கிறார்கள். முதலாளி கர்ணன், பெயருக்கேற்ற கொடையாளி. கோவில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம் என்று எது வந்தாலும் இல்லையென்று சொன்னதில்லை. புகையையும் அப்படித்தான், வஞ்சனை இல்லாமல் ஊர் முழுக்கக் கொடுத்தார்.

இந்தக் கொடையை ஏற்றுக்கொள்ளத் தெரியாத ஒருத்தி எங்கள் வார்டிலேயே இருந்தாள். பெயர் மாரீஸ்வரி. அவள் மகள் பவானிக்கு மூச்சிழுப்பு. ஆலைப் பக்கமிருந்து மேல்காற்று வீசினால் அந்தப் பிள்ளை படுக்க முடியாது. விடிய விடியச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கும். மாரீஸ்வரி தெருவைத் திரட்டிக்கொண்டு வந்து மனு கொடுத்தாள்.

மன்றம் சும்மா இருக்குமா? அன்றைக்கே ‘துர்நாற்ற ஆய்வுக் குழு’ அமைத்தோம். நானும் அதில் உறுப்பினன். குழு ஆலைக்குச் சென்றது. கர்ணன் அங்கேயே பிரியாணி போட்டார். சாப்பிட்டு முடித்து, குழு மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தது. “வாசனை இருப்பது உண்மை. அது ஏலக்காய், பட்டை, கிராம்பு சார்ந்தது” என்று அறிக்கை கொடுத்தோம்.

அத்தோடு விட்டோமா? வீட்டுக்கு வீடு இலவச முகக்கவசம் கொடுத்தோம். தலைவர் சண்முகராஜ் பல் தெரியச் சிரிக்கும் படம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அன்றிலிருந்து ஊரே தலைவரின் சிரிப்போடு இருமியது.

மாரீஸ்வரி மறுபடியும் வந்தாள்.

“ஐயா, ராத்திரிக்கு மட்டுமாச்சும் மெஷின நிப்பாட்டச் சொல்லுங்க. பிள்ள மூச்சுவிட முடியாமத் தவிக்குது.”

“ஏம்மா, அது என்ன ஒங்க வீட்டு கேஸ் அடுப்பா, திருகுனா நிக்கிறதுக்கு?” என்றார் தலைவர். “பாய்லர் ஆத்தா, பாய்லர்! சட்டுன்னு நிப்பாட்டுனா வெடிச்சுப் போகும்னு இஞ்சினியருக சொல்லியிருக்காக. ஒம்பிள்ள ஒருத்திக்காக ஊரையே வெடிக்க விடச் சொல்றியா?”

ஊர் நலனுக்காக இவ்வளவு யோசிக்கிற தலைவர் வேறு எங்கே கிடைப்பார்?

இப்படியிருக்கையில் தலைவரின் அப்பா திதி வந்தது. கூடலூரிலிருந்தும் அல்லிநகரத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள். மொட்டை மாடிச் சுவரில் இலை போட்டுச் சோறு, வடை, பாயசம் எல்லாம் வைத்துத் தலைவர் “கா... கா...” என்று அழைத்தார். காக்கை வரவில்லை. மைக் பிடித்துப் பழகிய குரலில் இன்னும் ஓங்கி அழைத்தார். அப்போதும் வரவில்லை. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. கீழே பந்தியில் இலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“அண்ணனுக்கு ஒம்மேல என்னமோ மனத்தாங்கல்ப்பா” என்றார் தலைவரின் சித்தப்பா குருசாமி. பசியில் அவர் குரல் நடுங்கியது.

தலைவர் வெலவெலத்துப் போனார். அங்கேயே, மாடியிலேயே, அவசர ஆலோசனை நடந்தது. செயல் அலுவலர் பிரின்ஸ் மேற்கே கை காட்டினார்.

“சார், காக்கா பூராம் அங்கன இருக்கு.”

ஆலைக் கூரை கறுப்பாகத் தெரிந்தது. கோழிக் கழிவு மலையாகக் குவிந்து கிடக்கும்போது, சாம்பார் சாதத்துக்கு எந்தக் காக்கை பறந்து வரும்?

தலைவர் போனை எடுத்தார். “ஏலே கர்ணா, மெஷின அமத்து! கழிவு அத்தனையும் தார்ப்பாயப் போட்டு மூடு! எங்கப்பா பட்டினி கிடக்காருடா!”

புகைபோக்கி சற்று நேரத்தில் ஓய்ந்தது. பாய்லர் வெடிக்கவில்லை. மரியாதை தெரிந்த பாய்லர். மூன்று மணிவாக்கில் ஒரு காக்கை வந்து வடையைக் கொத்தியது. மாடியில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று, மறுநாள் காலை வரைக்கும் ஆலையைத் திறக்கக் கூடாதென்று தலைவர் உத்தரவு போட்டார்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு மாரீஸ்வரி பவானியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

“ஐயா, ஒங்கப்பா திதியன்னிக்கு ஆலை நின்னுச்சு. வெடிக்கல. அன்னிக்கு ராத்திரிதான் எம்பிள்ள கால நீட்டிப் படுத்துத் தூங்குச்சு. நானும் தூங்குனேன். தெனமும் அப்பிடி நிப்பாட்டுனா என்னங்கய்யா?”

சபை ஒரு கணம் அசந்துபோனது. பிரின்ஸ்தான் சமாளித்தார்.

“அம்மா, அது ‘நீத்தார் நலன்’ தலைப்புல குடுத்த விசேஷ உத்தரவு. உயிரோட இருக்கவுகளுக்கு அதுல எடமில்ல.”

தலைவருக்கு மனசு இளகிவிட்டது. “நாம பாகுபாடு பாக்கக் கூடாது பிரின்ஸ். இனிமே யார் வீட்டுத் திதியா இருந்தாலும் ஆலைய நிப்பாட்டுவோம். தீர்மானம் போடுங்க.”

பார்வையாளர் நாற்காலியிலிருந்து கர்ணன் துள்ளி எழுந்தார். “தலைவரே! அப்பன் பாட்டன் சாகாத வீடு எது? வருசம் பூராம்ல நிக்கும்! ஆலை வந்த பெறகு செத்தவுகளுக்கு மட்டும்னு போடுங்க. எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்குல்ல?”

அவருடைய பொறுப்புணர்வை மன்றம் மேசையைத் தட்டி வரவேற்றது. திருத்தத்தோடு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“சொல்லும்மா” என்றார் தலைவர், அன்பாக. “ஆலை வந்த பெறகு ஒங்க வீட்ல யாரும் தவறியிருக்காகளா?”

மாரீஸ்வரி மகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். படியிறங்கும் வரைக்கும் அந்தப் பிள்ளையின் இளைப்புச் சத்தம் உள்ளே கேட்டது.

அவள் மனுவை நாங்கள் தள்ளுபடி செய்துவிட்டதாக ஊரில் சிலர் அவதூறு பரப்புகிறார்கள். சுத்தப் பொய். ‘உரிய தகுதி பெற்றதும் உடனடியாகப் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எங்கள் பக்கம் எந்தத் தாமதமும் இல்லை. இனித் தகுதி பெற வேண்டியது பவானிதான்.