அமைச்சர் பாராட்டிய எலும்பு

ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அமைச்சர் பாராட்டிவிடுகிறார். சோறு அடிப்பிடித்துவிட்டதா? படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால் போதும், அரை நிமிடத்தில் அமைச்சர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்: "அருமை! அருமை! செதுக்கி வச்ச மாதிரி இருக்கு!" பையன் கணக்கில் ஏழு மார்க் வாங்கினாலும் செதுக்கி வச்ச மாதிரி இருக்கு. மாமனார் புது விக் வைத்தாலும் அருமைதான். எல்லாம் ஒரே ஒரு ஆறு விநாடி வீடியோதான். ஊரில் அதைச் சேமித்து வைக்காத போன் இல்லை.

அந்தப் பாராட்டு பிறந்தது ஊர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரியின் அறையில். புது ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைத் திறக்க வந்த அமைச்சர் கையில் யாரோ ஒரு எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தார்கள். ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயிண்டரின் கால் அது. எலும்பு இரண்டு துண்டு. அமைச்சர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாராட்டித் தள்ளினார்; யாரோ அதைப் போனில் பிடித்துவிட்டார்கள். "ஐயா, அது உடைஞ்ச கால்" என்று சொல்ல எக்ஸ்ரேக்காரி வாயைத் திறந்தாள். பெரிய டாக்டர் பலமாக இருமினார். அவளும் மூடிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் பெயிண்டரின் கால் கூடிவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார், கூடியது. மாவுக்கட்டை யார் பாராட்டினார்கள்? "அமைச்சர் வாய் முகூர்த்தம், எலும்பு ஒட்டிக்கிச்சு" என்று ஒரே பேச்சு.

அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் அருமையானந்தர். போன மாதம் வரை பேருந்து நிலையத்தில் போனுக்கு உறை விற்றவர். இப்போது மாடியில் ஒரு அறை, நீல விரிப்பு போட்ட மேசை, மேசைமேல் ஒரு போன். உங்கள் எக்ஸ்ரேயை அதன்முன் காட்டவேண்டும். குணமாகும் என்றால் போன் தானாகவே அமைச்சர் குரலில் பாராட்டும். ஐயாவின் கை இரண்டும் மேசைமேல், எல்லாரும் பார்க்கும்படி! முதல் தடவை போன் பெரும்பாலும் வாயைத் திறக்காது. சிறப்புக் காணிக்கை கட்டிவிட்டு மறுபடி வந்தால் திறக்கும். போனுக்குக்கூட விவரம் தெரிந்திருந்தது.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்து எக்ஸ்ரேக்காரியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அவளுடைய அக்கா மாடிப்படி ஏறும் வரை.

அக்கா பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு விலகியிருக்கிறது, ஒரு சின்ன ஆபரேஷன் செய்து நேராக நிறுத்தவேண்டும், தள்ளிப்போட்டால் கை பழையபடி திரும்பாது என்றார் டாக்டர். அக்காவுக்கு ஊசி என்றாலே உயிர் போகும். மூன்று நாள் வரிசையில் நின்றாள். மூன்றாம் நாள் போன் பாராட்டியது.

"ஆபரேஷன் வேணாம்டி. அருமைன்னு சொல்லிடுச்சு."

"அக்கா, அந்தக் கையாலதானே எழுதணும்? கோணலா ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவே?"

"டாக்டர் மூஞ்சிய சுளிச்சாரு. அது நல்லதா நாலு வார்த்தை சொல்லிச்சு. நான் எதை நம்பட்டும்?"

எக்ஸ்ரேக்காரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அன்று மதியமே அக்காவை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கையில், வாய் ஒட்டிய எக்ஸ்ரே உறை ஒன்று.

"இது எங்க சொந்தக்காரரோட இடுப்பு ஐயா. சிறப்புக் காணிக்கை கட்டியாச்சு. உறையோட பாக்கலாமா?"

"எலும்பையே ஊடுருவுற பார்வைக்குக் காகிதம் ஒரு தடையாம்மா?" என்றார் அருமையானந்தர்.

"அருமை! அருமை! செதுக்கி வச்ச மாதிரி இருக்கு!" என்றது போன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எக்ஸ்ரேக்காரி உறையைக் கிழித்துப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். அவளுடைய மதியச் சாப்பாட்டு டப்பாவின் எக்ஸ்ரே. உள்ளே ஒரு ஸ்பூன்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஸ்பூன் உடையலையே! போன் சரியாத்தான் சொல்லியிருக்கு!" என்றார். கூட்டம் கைதட்டியது. அருமையானந்தர் அடக்கமாகத் தலைகுனிந்தார். இந்த மாதிரி ஆட்கள் இருக்கும்போது அவர் எதற்குப் பொய் சொல்லிச் சிரமப்படவேண்டும்?

ஆனால் எக்ஸ்ரேக்காரியின் பிழைப்பே, அசையாமல் இருப்பதாகச் சொல்கிறவர்கள் எங்கே அசைகிறார்கள் என்று பார்ப்பதுதான். போன் பேசுவதற்குக் கொஞ்சம் முன்னால் நீல விரிப்பு, ஐயாவின் வலது முழங்கால் பக்கம், லேசாகத் துள்ளியதை அவள் பார்த்திருந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு உதவி. ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கோங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். கையை எல்லாருக்கும் காட்டுறீங்க, காலையும் காட்டுங்களேன்."

"காட்டுங்க ஐயா! இந்தப் பொண்ணு வாயை அடைங்க!" என்று பக்தர்களே கத்தினார்கள். வேறு வழியில்லை. அருமையானந்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க" என்றாள் எக்ஸ்ரேக்காரி. அக்காவின் எக்ஸ்ரேயைப் போன்முன் நீட்டினாள்.

போன் பேசவில்லை. திருப்பிக் காட்டினாள். பேசவில்லை. பெயிண்டரே கூட்டத்திலிருந்து வந்து தன் காலைத் தூக்கி அதன்முன் நீட்டினார். அதற்கும் மூச்சில்லை.

நான்காவது நிமிடம் ஐயாவுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்று காலைத் தொப்பென்று கீழே போட்டார். "அருமை!" என்றது போன். வலியில் காலைத் தரையில் உதைத்தார். "அருமை! அருமை! செதுக்கி... அருமை! செதுக்கி... அருமை!"

எக்ஸ்ரேக்காரி விரிப்பைத் தூக்கினாள். ஐயாவின் கால் கட்டைவிரலுக்கு அடியில், தரையில், கோலிக்குண்டு அளவு ஒரு ரிமோட் பொத்தான்.

ஐயா நொண்டிக்கொண்டே பின்படி வழியாக ஓடினார். கூட்டத்தில் பாதி பேர் துரத்தினார்கள். மீதிப் பேர் பொத்தானைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தன் எக்ஸ்ரேயைத் தங்கையிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "வாடி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பாராட்டவில்லை.

"மறுபடி எழுத வருமா டாக்டர்?"

"நூத்துக்கு எண்பது சொல்லலாம்மா. மூணு நாள் முன்னாடியே வந்திருந்தா தொண்ணூத்தஞ்சு சொல்லியிருப்பேன்."

அந்தப் பதினைந்தை அக்கா மாடிப்படி வரிசையில் நின்று தொலைத்தாள். உங்களிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று, அடுத்த வரிசையில் போய் நிற்கும்முன் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். யோசிக்கக் காணிக்கை கிடையாது.