தொட்டி சுத்தம் செய்த நாள்

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் பிறந்தது என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் பிறந்துவிட்டுப் போகட்டும். அது வளர்ந்து ஆளாகி உச்சியைத் தொட்ட இடம் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆவூருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஓர் ஊரில், இருதயநாதன் வீட்டுக் கொல்லைப்புறம். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஊராட்சிக்காரர்கள் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். நஷ்டப்பட அவர்களிடம் மானம் பாக்கி இருக்கிறதா என்பது வேறு விஷயம். எதற்கு வம்பு, பெயர் வேண்டாம்.

இருதயநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவைக் கட்டிக் காத்து, அண்மையில் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒன்றியத்திலிருந்த ஒரு மேல்நிலைத் தொட்டிகூட அழுக்காக இருந்ததில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? தொட்டியின் வயிற்றில் 'சுத்தம் செய்த நாள்', 'அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாள்' என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்குமே, அண்ணாந்து பாருங்கள். ஆளை உள்ளே இறக்கித் தேய்த்துக் கழுவுவதெல்லாம் பழைய காலத்துக் காட்டுமிராண்டி முறை என்பது இருதயநாதனின் கண்டுபிடிப்பு. தேதியை மாற்றினால் போதும், தண்ணீர் தானாக மாறிவிடும். பெயின்டர் நாகராசுவிடம் ஓர் ஏணியையும் ஒரு டப்பா பெயின்டையும் கொடுத்தால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒன்றியமே பளபளத்துவிடும். இந்த ஊர்த் தொட்டியின் மூடி ஒரு புயலில் பறந்து, உள்ளே புறாக்கள் குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகும் தேதி ஒருநாள்கூடத் தவறியதில்லை. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட கடமை உணர்ச்சி!

இப்படிப்பட்ட மூளை ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்குமா? யூடியூபில் 'அக்வாபோனிக்ஸ்' என்ற நவீன விஞ்ஞானத்தை அது கண்டெடுத்தது. கீழே ஒரு தொட்டியில் மீன். மேலே ஜல்லி நிரப்பிய தட்டில் கீரை. மீன் கழிக்கிற அழுக்கு மோட்டார் வழியாகக் கீரைக்கு உரமாகப் போகும். கீரை அதை உறிஞ்சிக்கொண்டு, சுத்தமான தண்ணீரைத் திரும்ப மீனுக்கு அனுப்பும். கீழே இருப்பவர் செய்த அசிங்கத்தை மேலே இருப்பவர் மறைப்பார். இரண்டு பேரும் கொழுப்பார்கள். பணிக்காலம் முழுவதும் பார்த்துப் பழகிய ஏற்பாடுதான் என்பதால் இருதயநாதனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

கீரமங்கலத்திலிருந்து எழிலரசன் என்ற 'ஆலோசகர்' வரவழைக்கப்பட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் அடங்கிய பெட்டி. தொட்டி, தட்டு, மோட்டார் எல்லாவற்றையும் அவரே பொருத்திவிட்டு, கிளம்பும்போது எச்சரித்தார்.

"சார், இப்பவே மீன விட்றாதீங்க. தண்ணி பழகணும். மீன் கழிவுல அம்மோனியா வரும், அது வெசம். அத உரமா மாத்துற நுண்ணுயிரு இந்த ஜல்லில குடியேற ஒரு மாசமாவது ஆகும். தெனமும் டெஸ்ட் பண்ணித் தேதி போட்டு வைங்க."

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது மீனுக்கும் ஆகாது, நுண்ணுயிருக்கும் ஆகாது, ஆகையால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள் என்றும் சொன்னார். இருதயநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குளோரினா? நம்ம ஊருத் தண்ணியிலயா? அந்தக் கவலையே ஒங்களுக்கு வேணாம் தம்பி."

துறை வல்லுநர் சொன்னால் சொன்னதுதான். ஊராட்சி வாங்குகிற ப்ளீச்சிங் பவுடர், பெரிய மனிதர்கள் வருகிற நாளில் ரோட்டோரம் வெள்ளைக் கோடு போடுவதற்கே போதாது என்பது அவருக்குத் தெரியாதா?

எழிலரசன் சொன்ன மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறினாலும், 'தேதி' என்ற சொல் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. மறுநாளே நாகராசு வந்தான். இடுப்பு உயரத் தொட்டிதான் என்றாலும் பழக்கதோஷத்தில் ஏணியோடு வந்தான். 'தண்ணீர் பழகிய நாள்' என்று நீல எழுத்து மின்னியது. ஒரு மாத வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அன்று மாலையே பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க, மாலை போட்ட இருதயநாதன் ஒரு பை நிறைய ஜிலேபி மீன் குஞ்சுகளைத் தொட்டியில் விட்டார். கூட்டம் கை தட்டியது. உள்ளே ஒரு நுண்ணுயிர்கூடக் குடியேறவில்லை என்ற விவரம் அழைப்பிதழில் இல்லை.

இந்த வரலாற்றுச் சம்பவத்துக்கு நடுவே வீட்டில் ஓர் அற்ப விஷயமும் நடந்துகொண்டிருந்தது. இருதயநாதனின் ஒரே மகள் பாத்திமா. பாத்திமா மாதா திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். அவள் கணவன் ஜெரால்டு குவைத்துக்குப் போனதும், ஒன்றரை வயதுப் பெண் ஸ்வீட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பூரிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த வாரத்திலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் நிற்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். புஷ்டியாக வந்த பிள்ளைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பல் முளைக்கிறது என்றார்கள். கண்பட்டுவிட்டது என்றார்கள். தாய்க்காரி பலாச்சுளையைத் தின்றுவிட்டுப் பால் கொடுத்தாள் என்று பாத்திமா தலையிலேயே பழியைக் கட்டினார்கள்.

இருதயநாதனின் மனைவி அந்தோணிமேரிக்கு மட்டும் தண்ணீர் மேல் சந்தேகம். அது குழாயில் வரும்போதே ஒரு வாடை வருகிறது என்றாள். பிள்ளைக்காவது காய்ச்சிக் கொடுப்போம் என்று அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள். இருதயநாதன் அடுப்பை அணைத்துவிட்டார். குடிநீர்ப் பிரிவைக் கட்டி ஆண்டவன் வீட்டிலேயே ஊராட்சித் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால், அது அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவதற்குச் சமம் என்று விளக்கினார். ஊர் என்ன சொல்லும்? ஒன்றியத்தில் என்ன நினைப்பார்கள்? பிள்ளையின் வயிறு என்ன நினைக்கும் என்பது மட்டும் அவர் பரிசீலனைக்கு வரவில்லை.

திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் மீன்கள் மிதக்கத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கைப்பிடி கைப்பிடியாக. இருதயநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே கண் கலங்கினார். அன்றைக்கே 'நீர்த்தரக் கண்காணிப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் இருதயநாதன். செயலாளர் அந்தோணிமேரி. உறுப்பினர் பாத்திமா. கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அவசரக் கூட்டம் கூடியது.

மறைந்த மீன்களுக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. பாத்திமாவின் இடுப்பிலிருந்த ஸ்வீட்டி அந்த நேரம் பார்த்துத் துணியை நனைத்துவிட்டது. அந்தோணிமேரி பார்த்தாள், மறுபடி பேதி. செயலாளர் பதவியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். கூட்ட நடவடிக்கைக்குக் குந்தகம் விளைவித்ததாகத் தலைவர் கண்டனம் தெரிவித்தார்.

மறுபடி வந்த எழிலரசன், தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையானது. அம்மோனியா.

"நாந்தான் ஒரு மாசம் பொறுங்கன்னு சொன்னேனே சார்."

"தேதி போட்டாச்சே தம்பி, பாக்கலையா?" என்று இருதயநாதன் நீல எழுத்தைக் காட்டினார்.

எழிலரசன் அந்த எழுத்தையும் இருதயநாதனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆலோசனைக் கட்டணம் இன்னும் கைக்கு வராததால் சிரிக்கவில்லை. தீனியை நிறுத்துங்கள், தினமும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிய தண்ணீர் ஊற்றுங்கள், விஷம் குறைந்துவிடும் என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ராணுவ ஒழுங்கு. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் குடம் மீனுக்கு. மூன்று வேளையும் சோதனை. இருதயநாதன் கண்ணாடிக் குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிறம் பார்க்கிற அழகைக் காண ஆயிரம் கண் வேண்டும். பணிக்காலம் முழுவதும் ஒரு சொட்டுக் குடிநீரைச் சோதித்தறியாத கை அது. எவ்வளவு விரைவில் கற்றுக்கொண்டது பாருங்கள்! ஆனால் தண்ணீர் மாற்ற மாற்றப் பச்சை குறையவே இல்லை. மீன்களும் விடாமல் செத்துக்கொண்டிருந்தன.

நடுவில் ஒரு நாள் ஸ்வீட்டிக்குக் கண் சொருகிவிட்டது. தாயும் மகளும் ஆட்டோ பிடித்துப் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொடிக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. இருதயநாதனும் போய்ப் பார்த்தார். கட்டிலருகே குனிந்து பிள்ளையின் பாதத்தைத் தடவிக் கொடுத்தது உண்மை. அப்போது டாக்டரம்மா, பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார், முதுகு நிமிர்ந்துவிட்டது.

"கவர்மென்டுத் தண்ணிங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கழுவுற தொட்டி" என்றார் பெருமையாக.

காய்ச்சிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். இருதயநாதனும் பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். மாலைச் சோதனைக்கு நேரமாகிவிட்டதே!

ஸ்வீட்டி வீடு திரும்பிய அன்று எழிலரசன் மூன்றாம் முறையாக வந்திருந்தார். தொட்டியைச் சுற்றி வந்தார், ஜல்லியை மோந்து பார்த்தார், மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் என்ன தோன்றியதோ, கண்ணாடிக் குழாயை நேரே ஊராட்சிக் குழாயடியில் பிடித்துச் சொட்டு விட்டார். மீன் பக்கமே போகாத தண்ணீர். அது கண்ணெதிரே பச்சையானது.

"சார், இங்கிட்டு வாங்க. வர்ற தண்ணியே இப்படித்தான் வருது. மேல தொட்டிக்குள்ள என்னமோ அழுகிக் கெடக்குது. இதுல மீன் பொழைக்காது."

இருதயநாதன் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்ற அந்தோணிமேரி, தெருமுனையில் தெரிந்த மேல்நிலைத் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள். போன வாரத் தேதி பளிச்சென்றிருந்தது. விளிம்பில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"போன வாரந்தான் கழுவுனதா எழுதியிருக்கு. யாரு கழுவுனா?"

"நாகராசு."

"அவன் பெயின்டர்ல?"

"ஆமா" என்றார் இருதயநாதன். அதில் என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை.

மாபெரும் அநீதி நடந்திருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. வாயில்லா ஜீவன்கள்! இந்தத் தண்ணீரையா இத்தனை நாள் மீன்களுக்கு ஊற்றினோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அநீதியைக் கண்டு பொங்கிய தலைவர் அங்கேயே இரண்டு உத்தரவுகள் பிறப்பித்தார். ஒன்று, இன்று முதல் மீன்களுக்குச் சுத்திகரிக்கப்பட்ட கேன் தண்ணீர். இரண்டு, குழாயடியில் ஓர் அறிவிப்புப் பலகை. நாகராசு ஓடிவந்து நீலப் பெயின்டில் எழுதினான்: 'இந்தத் தண்ணீரை மீன்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.' குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அதைப் படித்துவிட்டு, நமக்கில்லை என்று நிம்மதியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மாலையில் கேன்கள் வந்து இறங்கின. அந்தோணிமேரி ஒன்றின் மூடியைத் திருகி, ஸ்வீட்டியின் டம்ளரில் ஊற்றினாள். பிள்ளை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்தது. இருதயநாதன் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அது மீனுக்கென்று அளந்து வாங்கியது, வீட்டுக்கு வேண்டிய தண்ணீர்தான் குழாயில் வருகிறதே என்றார்.

அந்தோணிமேரி கத்தவில்லை. கத்தியிருந்தால் இருதயநாதன் கண்டனத் தீர்மானம் போட்டிருப்பார்.

"மீனு செத்தா ஆளக் கூட்டியாந்து தண்ணியப் பாக்குறீங்க. பிள்ள சாகக் கெடந்தப்ப அடுப்ப அணைச்சீங்க. அப்ப ஸ்வீட்டியையும் மீன் கணக்குலயே எழுதிக்கங்க."

சொல்லிவிட்டுக் கேன்களை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் அடுக்கினாள். பாத்திமா கதவைச் சாத்தினாள்.

மீன்களுக்கு அன்று குழாய்த் தண்ணீர்தான் வாய்த்தது. மறுநாள் காலையில் மிச்சமிருந்த மீன்களும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தபடி, நீரின் தரம் குறித்த தங்கள் அறிக்கையைச் சமர்ப்பித்தன. அந்த ஊர்க் குடிநீரைப் பற்றி இதுவரை வந்த அறிக்கைகளில் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.